பதினைந்து பைட் கூடுதல்

சூரத் ரிங் ரோட்டு ஜவுளி மார்க்கெட்டில் பேரம் பேசாமல் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். என் கடை வாசலில் மட்டும் அந்த மிடுக்கு இறங்கிவிடும். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று சொல்ல எவனுக்கும் நாக்கு எழாது. தகவல் மீட்கும் தொழிலை நான் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். சேலைக் கடையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பேரம் பேசாத வாடிக்கையாளர் எப்பேர்ப்பட்ட வரம் என்று தெரியும்.

கேதகிபென் அந்த வரத்தில் சேர்த்தி இல்லை.

"ஜசுபாய், இது நாலாவது கடை. மூணு பேரும் 'முடிஞ்சுபோச்சு, வேற டிசைன் வரைஞ்சுக்கோங்க'ன்னுட்டாங்க. நீங்களும் அதையேதான் சொல்வீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. டீயெல்லாம் வேண்டாம்."

நான் டீக்குச் சொன்னேன்.

கல்யாண லெஹங்காக்களுக்கு எம்ப்ராய்டரி டிசைன் போடுகிறவர் அவர். கம்ப்யூட்டரின் டிஸ்க் கருகிவிட்டது. நல்லவேளையாக, தீபாவளிக்கு முன்பே அந்த டிஸ்க்கை மூலை முடுக்கு விடாமல் அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்து வெளி டிஸ்க்கில் வைத்திருந்தார்கள். டிஸ்க் இமேஜ் என்போம். இப்போது அந்தக் கோப்பு திறக்கவில்லை. எந்த மென்பொருளில் போட்டாலும் 'பழுதான கோப்பு' என்று கையை விரிக்கிறது. ராஜ்கோட் கடைக்கான ஆர்டர் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. வராச்சா பகுதியில் ஒரு தொழிற்சாலையில் எம்ப்ராய்டரி மெஷின்களை அவருக்காகக் காலியாக வைத்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் டிசைன் போய்ச் சேராவிட்டால் வேறு பார்ட்டியின் வேலையை ஏற்றிவிடுவார்கள்.

கூடவே மாமனார் ரதிலால் காகாவும் கணவர் பவிக்கும் வந்திருந்தார்கள். பவிக் நின்றுகொண்டே இருந்தார். காகா உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா இவளோட ஆபீஸை வாடகைக்கு விட்டுடுவேன். தரகர்கிட்ட சொல்லியாச்சு. சாயங்காலம் பார்ட்டி இடம் பார்க்க வருது."

"இன்னும் போகலையே பப்பா," என்றார் கேதகிபென்.

"அதான் சாயங்காலம்னு சொல்லியிருக்கேன். காலையிலேயே வரச் சொல்லலையே."

முதல் வேலையாக அந்தக் கோப்பை என் டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். அசலில் கை வைக்கிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. நகல் ஓடுகிற நேரத்தில், அவர்கள் கூடவே கொண்டுவந்திருந்த செத்த டிஸ்க்கைத் திருப்பி, அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். எவ்வளவு கொள்ளும் என்று அதில் இருக்கும். இமேஜ் என்பது டிஸ்க்கின் அச்சு அசல். டிஸ்க்கும் அதுவும் அளவில் இம்மி பிசகக்கூடாது. நகல் முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பதினைந்து பைட் கூடுதல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு?" காகாவுக்குக் கோபம். "எங்க வீட்டு நஷ்டம் உனக்கு வேடிக்கையா?"

"காகா, நீங்க மார்க்கெட்டுல எத்தனை வருஷமா இருக்கீங்க! கெட்டுப்போன சரக்கு எடை ஏறுமா, குறையுமா?"

"குறையும்."

"இது ஏறியிருக்கு. பில்லைவிட சரக்கு எடை கூடுதலா இருந்தா என்ன அர்த்தம்?"

"எவனோ கையை வெச்சிருக்கான்," என்றார் காகா யோசிக்காமல். அவரைச் சும்மா சொல்லக்கூடாது, வியாபாரி.

கோப்பின் தொடக்கத்தை மட்டும் பிரித்து எழுத்தாக மாற்றிப் பார்த்தேன். டிஸ்க்கின் முதல் அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் அழகான குஜராத்தி எழுத்தில் 'ஸ்ரீ' என்று இருந்தது. அதற்கு அடுத்த பைட்டிலிருந்து டிஸ்க் ஒழுங்காகத் தொடங்கியது. உள்ளே எதுவும் பழுதில்லை. வரிசையில் முன்னால் ஒருவர் புகுந்ததால் எல்லோரும் ஓரிடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"ஸ்ரீ எழுதினது யாரு?" என்றேன்.

பவிக் தலைக்கு மேலே ஃபேனைப் பார்த்தார்.

"ஏங்க!" என்றார் கேதகிபென்.

"பப்பாதான் சொன்னாரு," என்றார் பவிக் ஃபேனிடம். "தீபாவளிப் பூஜையில கணக்குப் புத்தகத்தோட இந்த டிஸ்க்கையும் வெச்சோம்ல. புதுப் புத்தகம்னா முதல் பக்கத்துல ஸ்ரீ இருக்கணும், இதுலயும் போடுன்னாரு. கோப்புக்கு ஸ்ரீன்னு பேரு வெச்சா மட்டும் போதுமா, உள்ளேயே இருக்கட்டும்னு ஒரு கட்டளை போட்டு முன்னாடி சேர்த்துட்டேன். பழைய கோப்பை அழிச்சுட்டேன்."

"சேர்த்த பிறகு திறந்து பார்க்கலையா?"

"நல்ல நாளும் அதுவுமா சந்தேகப்பட்டுத் திறந்து பார்ப்பாங்களா, ஜசுபாய்?"

கேதகிபென் கணவரைப் பார்த்த பார்வையில் வீட்டில் இரண்டு நாளைக்கு அடுப்பு எரியாது என்று தெரிந்தது.

"சரி, விடுங்க. பதினைஞ்சு பைட்டை வெட்டி எறிஞ்சா எல்லாம் வந்துடும்," என்று விசைப்பலகையை இழுத்தேன்.

"கையை எடு!" காகா எழுந்தே விட்டார். "ஸ்ரீயை வெட்டுவியா? எங்க வீட்டுப் புத்தகத்துல, என் கண்ணு முன்னாடியே?"

"இது நகல் பப்பா! அசல் அப்படியேதான் இருக்கு," என்றார் கேதகிபென்.

"நகல்ல இருக்கிற சாமி சாமி இல்லையா? இன்னைக்கு இதை வெட்டினா, ராஜ்கோட் ஆர்டர் வந்தாலும் தங்காது. எழுதி வெச்சுக்கோ."

"ஆர்டர் போனா ஆபீஸைப் பூட்டுவீங்க. ஆர்டரைக் காப்பாத்தவும் விடமாட்டீங்க. நான் என்னதான் பண்ணட்டும்?" கேதகிபென்னின் குரல் முதல் தடவையாக உடைந்தது.

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இப்படிப்பட்ட இடத்தில் பிடிவாதம் பிடிக்கிறவன் வியாபாரியே இல்லை. எதிராளிக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்துவிட்டு, நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

"காகா, உங்க கடை வாசல்ல சுபம், லாபம்னு எழுதியிருக்கீங்கல்ல?"

"ஆமா."

"கடைக்கு வர்றவங்க அதைத் தாண்டித்தானே உள்ளே வராங்க? அழிச்சுட்டு வர்றதில்லையே?"

காகா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "மேலே சொல்லு."

"நான் எதையும் வெட்டலை. ஸ்ரீ வாசல்லயே இருக்கட்டும். கம்ப்யூட்டர்கிட்ட, 'பதினைஞ்சு பைட் தாண்டி உள்ளே போய்ப் படி'ன்னு மட்டும் சொல்றேன்."

"அப்படிச் சொன்னாக் கேக்குமா?"

"உங்க பையனைவிட நல்லாவே கேக்கும்."

காகா டீயைத் தட்டில் ஊற்றி, ஊதி, உறிஞ்சினார். அதற்குள் கேதகிபென் புடவைத் தலைப்பை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டார்.

"கும்பிட்டுட்டுப் போகச் சொல்லு," என்றார் காகா.

கட்டளையைத் தட்டினேன். திரையில் கோப்புறைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கேதகிபென் என்னைத் தள்ளிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ராஜ்கோட் கோப்புறையைத் திறந்தார். பார்டர், பாவாடை, துப்பட்டா ஓரம் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு தையல்கூட இடம் மாறவில்லை. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் வராச்சாவுக்கு அனுப்பிவிட்டு, தொழிற்சாலைக்காரருக்கு ஃபோன் போட்டார்.

"வந்துச்சா? முதல் மெஷின் ஓடுதா? சத்தத்தைக் கேக்க விடுங்க."

ஃபோனிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. அதைக் கேட்டபிறகுதான் டீக் கோப்பையைத் தொட்டார்.

காகாவும் லேசுப்பட்டவர் இல்லை. "அந்த மூணு கடையிலயும் பழுது பார்க்கிறேன்னு இதுல கை வைக்கப் பார்த்தாங்கல்ல? ஏன் முடியலை?"

"முன்னாடி ஸ்ரீ இருந்ததால இது என்ன கோப்புன்னே அவங்க மென்பொருளுக்குப் புரியலை காகா. புரிஞ்சிருந்தா உள்ளே புகுந்து கன்னாபின்னான்னு மாத்திக் கெடுத்திருக்கும்."

"அப்ப காப்பாத்தினது யாரு?"

நான் திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். பவிக் இப்போதுதான் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துக் காகாவின் ஃபோன் அடித்தது. தரகர். பார்ட்டி கிளம்பிவிட்டதாம், சாவி எங்கே என்று கேட்டார். காகா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு ஃபோனை மருமகளிடம் நீட்டினார்.

"கேதகி பேசறேன். அந்த இடம் காலியில்லை, பாய். ஆனா எங்க ஆபீஸுக்குப் பக்கத்து அறை பூட்டியே கிடக்கே, அதுக்கு என்ன வாடகை கேக்கறாங்க?" அந்தப் பக்கம் ஏதோ தொகை சொன்னார்கள் போல. கேதகிபென் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் ஒரு அறைக்குக் கேட்டேன், பாய். நீங்க மாடி முழுசுக்கும் சொல்றீங்க. இறங்கி வாங்க, பேசலாம்."