கட்லெட் ஒத்திகை

புது வீட்டில் விருந்து வைப்பதென்று முடிவானதுமே தையல்காரிக்கு நாத்தனார் முகம்தான் கண்முன் வந்து நின்றது. கடைப் பண்டத்தை நாத்தனார் விரலால்கூடத் தொடமாட்டாள். வீட்டில் செய்ததைத் தொடுவாள். தொட்டதும் குறை சொல்வாள்.

அதனால் எல்லாம் வீட்டிலேயே செய்வதென்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்தார்கள். தின்னக் கட்லெட், குடிக்க இஞ்சி தட்டிப் போட்ட எலுமிச்சைச் சாறு, கடைசியில் கேக். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஓட்டிப் பார்க்காமல் எந்த லிஃப்டிலும் ஆள் ஏற்றியதில்லை. விருந்துக்கும் முதல் நாளே ஓர் ஒத்திகை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

"கட்லெட் என்ன லிஃப்டா? அறுந்து விழுந்துடுமா?" என்றாள் அவள்.

"போட்டுப் பாத்தாதானே தெரியும்."

மறுநாளைக்குப் பிசைந்து வைத்த மாவிலிருந்து நாலே நாலு எடுத்துப் பொரிப்பதாகத்தான் பேச்சு. நாலையும் பொரித்தெடுத்த பிறகு, அவர் எலுமிச்சை பிழிகிற மும்முரத்தில் அடுப்பிலிருந்த எண்ணெயை மறந்தார். புகை வீட்டை நிறைத்தது. அவள் ஓடிப்போய் வாசற்கதவைத் திறந்தாள்.

எதிர்வீட்டு நர்ஸ் ஈரத் துண்டோடு பாய்ந்து வந்தாள். குடிவந்த நாளிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தீயைத் தேடி வந்தவள் கையில், வேறென்ன செய்வதென்று தெரியாமல், தையல்காரி ஒரு கட்லெட்டை வைத்தாள். நர்ஸ் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து நிதானமாகத் தின்றாள். பெண்டாட்டியைத் தேடி அவள் புருஷன், பஸ் டிரைவர், வந்தார். வாசனை பிடித்து மாடிவீட்டுக்காரர்களும் இறங்கி வந்தார்கள். பிரிக்காத பெட்டிகளெல்லாம் நாற்காலியாகின. மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை, பொரித்துக்கொண்டே இருந்தார். மறுநாளைக்குச் செய்து வைத்திருந்த கேக்கையும் யாரோ வெட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகுதான் அவள் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"ஒத்திகை நல்லா நடந்துச்சு. விருந்துக்குத்தான் ஒண்ணும் இல்ல," என்றாள். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். பாதியிலேயே சிரிப்பு வந்து கெடுத்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு உருளைக்கிழங்கு வாங்கக் கிளம்பினார். கடை பூட்டியிருந்தது.

மறுநாள் காலை என்ன செய்வதென்று அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அடுக்குப் பாத்திரம் நிறையக் கட்லெட்டோடு நர்ஸ் நின்றாள். "எல்லாத்தையும் நாங்களே தின்னு தீத்துட்டோம். ராத்திரி தூக்கமே வரல," என்றாள். பின்னால் டிரைவர் ஒரு பெரிய குடம் நிறையச் சாறோடு, மூச்சு வாங்க நின்றார். மாடியிலிருந்து கேக்கும் வந்து சேர்ந்தது.

மதியம் நாத்தனார் வந்தாள். பரிமாற நர்ஸும் கூட நின்றாள். அறை அறையாகச் சுற்றி, ஜன்னல் சின்னது என்றாள், சமையலறை இருட்டு என்றாள். பிறகு ஒரு கட்லெட்டைக் கடித்தாள். இன்னொரு கடி கடித்தாள்.

"இத்தன வருஷத்துல இப்பதான் உன் கைக்குப் பக்குவம் வந்திருக்கு," என்றாள்.

மெக்கானிக் பெண்டாட்டியின் காலை மெதுவாக மிதித்தார். பேசாமல் வாங்கிக்கொள் என்று அர்த்தம். அவளுக்கோ மனசு கேட்கவில்லை.

"நான் செய்யல அண்ணி. இதோ, எதிர்வீட்டு அக்கா செஞ்சது."

நாத்தனார் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நர்ஸைப் பார்த்தாள். புகழ்ந்ததைத் திருப்பி வாங்க வழியில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டை மட்டும் நர்ஸ் பக்கம் நீட்டினாள்.

"இன்னொண்ணு வைம்மா."