முனிரத்தினத்துக்கு ஒரு படம்

"தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றான் போட்டோக்காரன் சிட்டிபாபு.

பெஞ்சில் கிடத்தியிருந்த முனிரத்தினத்தின் பிடரிக்குக் கீழே அவர் தம்பி பழனி கையைக் கொடுத்தார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, மூக்கில் பஞ்சு. மகள் அம்சவேணி குறுக்கே வந்து நின்றாள்.

"வேணாம் சித்தப்பா. பல்லுவலிக்காரன் மாதிரி கட்டிக்கினு, இந்தக் கோலத்துலயா எங்க நைனாவ செவுத்துல மாட்டறது?"

"வேற படம் எங்கம்மா இருக்குது? உங் கல்யாணத்துலயே கேமராவ பாத்து பந்தலுக்குப் பின்னால ஓடிப்பூட்டாரு எங்கண்ணன். பாடை கட்டி முடிச்சிட்டாங்க, படத்த எடுத்துரட்டும்."

"ஆட்டு டாக்டராண்ட இருக்கும். ஆள் அனுப்பியிருக்கேன். வரட்டும்."

செவிலிமேட்டுப் பாலாற்று மணலில் முனிரத்தினம் மேய்த்த ஆடுகள் தனி இனம்தானா என்று பார்க்க, கால்நடை டாக்டர் தாவீது மாதக்கணக்கில் வந்துபோனார். உயரம், மார்புச் சுற்று, காது நீளம் எல்லாம் டேப் வைத்து அளந்தார். கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தார். "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல" என்று முனிரத்தினம் ஒவ்வொன்றையும் அணைத்துப் பிடித்துக் கொடுப்பார். தாவீது ஒவ்வொன்றையும் படமும் எடுத்தார்.

தாவீது மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, கையிலிருந்த உறையை நீட்டத் தயங்கினார்.

"எல்லாத்தையும் கொண்டு வந்துட்டேம்மா. ஆனா..."

அவள் பிரித்தாள். கருப்பு ஆடு. செவலை ஆடு. வெள்ளையில் புள்ளி போட்டது. எல்லாம் பக்கவாட்டில், ஆடு மட்டும். ஒன்றில் வயிற்றுக்குக் கீழே இரண்டு மனிதக் கால்கள். இன்னொன்றில் காதை நீட்டிப் பிடித்த விரல்கள்.

"ஆடு முழுசா தெரியணும், நீங்க தள்ளிக்குங்கன்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன்." தாவீதின் குரல் இறங்கிவிட்டது.

பழனி எட்டிப் பார்த்தார். "சரியாப்போச்சு. ஆட்டுக்கு மாலை போட்டு கும்புட வேண்டியதுதான்."

அழுதுகொண்டிருந்த ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா, எடுத்துரட்டுமா?" சிட்டிபாபு மறுபடி கேமராவைத் தூக்கினான்.

அம்சவேணியின் கண் ஒரு படத்திலேயே நின்றிருந்தது. செவலைப் பெட்டையின் தாடையைக் கீழிருந்து தாங்கிய ஒரு கை. மணிக்கட்டோடு படம் முடிந்துபோயிருந்தது.

"வேணாண்ணா. டாக்டராண்ட நெகட்டிவ் வாங்கி இத்த பெருசு பண்ணிக் குடு."

"இதுல அவரு மூஞ்சியே இல்லியேம்மா."

அவள் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். ஆடு காதுகளைத் தளரவிட்டு, கழுத்தை நிமிர்த்தி, அந்தக் கை வந்த பக்கம், மேலே, படத்தின் விளிம்பைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.