இசக்கிதுரை கட்டாத பள்ளிக்கூடம்

இப்போதெல்லாம் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. போனில் படம் இருந்தால் போதும், அதுதான் நடந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கிற கிழவன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மும்பை தாராவியில் எங்கள் ஊர்ச் சங்கம் ஞாயிறுதோறும் கூடும். போன வாரம், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி, புதுக் கல்வெட்டு வைக்கப்போவதாகத் தலைவர் கணேசபாண்டியன் சொன்னான். அதில் வெட்ட வேண்டிய வரலாற்றை ஷாலினி எழுதிவந்திருந்தாள். இங்கேயே பிறந்து, நவி மும்பையில் நெருள் பக்கம் வேலை பார்க்கிற பெண். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்து வாசித்தாள். பண்ணையார் இசக்கிதுரை நிறுவிய பள்ளியாம்.

நான் எழுந்து நின்றேன். அதைக் கட்டியது என் அண்ணன் சொரிமுத்துவும் அவனோடு இங்கே டிரம் பட்டறையில் கிடந்தவர்களும். எண்ணெய் டிரம்மை வெட்டி, தட்டி நிமிர்த்தித் தகடாக்கினார்கள். ஊருக்குப் போகிறவன் எவனும் தகடு இல்லாமல் ரயில் ஏறக்கூடாது என்று சங்கத்தில் கட்டுப்பாடு. சீட்டுக்கு அடியில் தகடு, அதன்மேல் பெட்டி. கூரை முழுக்க அப்படிப் போனதுதான். சுவரை எழுப்பியது ஊர்ப் பெண்கள்.

கூரை ஏறியதும் இசக்கிதுரை தன் வயல் வழியாகப் பிள்ளைகள் நடக்கக்கூடாது என்று முள்ளை வெட்டிப் போட்டார். வேறு பாதை கிடையாது. வாசலில் தன் பெயரை எழுதினால் முள்ளை எடுப்பாராம். பெயர் வெறும் பெயிண்டுதானே, பிள்ளைகள் உள்ளே போகட்டும் என்றான் அண்ணன். வேண்டாம் என்று அன்றைக்கே சண்டை போட்டேன். அவன் கேட்கவில்லை. அந்தப் பெயிண்டைத்தான் ஷாலினி போனில் படமாக வைத்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுதது நெசந்தான்," என்றான் கணேசபாண்டியன். "ஆனா புதுக் கட்டடத்துக்குப் பண்ணையாரு பேரந்தான் எடம் தாராரு. சொரிமுத்தண்ணன் பேரப் போட்டா கோவிச்சுக்கிடுவாரு."

"அன்னைக்குப் பாதைக்காக விட்டோம், இன்னைக்கு எடத்துக்காக விடணுமோ? நாளைக்கு அவன் கக்கூசு கட்டித் தந்தாம்னா உங்கப்பன் பேரையும் மாத்திக்கிடுவியாடே?"

பின்வரிசையில் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஷாலினி சமாதானத்துக்கு வந்தாள். "தாத்தா, கீழ ஒரு லைன் போடறேன். மும்பை வாழ் ஊர் மக்கள் உதவியுடன். டீக் ஹை, சரியா?"

"கட்டுனவன உதவி செஞ்சவன்னு எழுதுவியாம்மா? எங்கண்ணன் பேரு மேல இருக்கணும். இல்லன்னா கல்லே வேண்டாம்."

அவள் போனை எடுத்தாள். பிறகு எதையோ அழித்துவிட்டு, சொரிமுத்து பெயரையே போடுவதாகச் சொன்னாள். கணேசபாண்டியனும் தலையாட்டினான். அந்தத் தலை யார் பேசினாலும் ஆடும். இப்போதே தமிழில் எழுதிக் காட்டச் சொன்னேன். தனக்குத் தமிழ் எழுத்து சரியாக வராது, ஊரில் கல் வெட்டுகிறவர் பார்த்துக்கொள்வார் என்றாள். ஊரில் கல் வெட்டுகிறவனுக்குக் கூலி கொடுக்கப்போவது இசக்கிதுரையின் பேரன்.

எல்லோரையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும், நடுவில் நில்லுங்கள் என்றார்கள். கல்லை வெட்டிய பிறகு சொல்லுங்கள், நேரில் போய் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டினேன்.

"பக்கா போடறேன் தாத்தா," என்றாள் ஷாலினி பின்னாலிருந்து.

பெயிண்ட் அடித்த அன்றைக்கு என் அண்ணனிடமும் இப்படித்தான் எல்லோரும் நல்ல வார்த்தை சொன்னார்கள். நான் திரும்பாமல் மாஹிம் ஸ்டேஷன் பக்கமாக நடந்தேன்.