ஆரஞ்சு நாடா போன வழி

மான் மேல் அம்பு பட்டால், அது எங்காவது போய்ப் படுக்கும்வரை அரை மணி நேரம் பரணைவிட்டு இறங்கக் கூடாது என்பது விஸ்கான்சின் காட்டில் எல்லாரும் மதிக்கும் விதி. அம்பு விட்ட வெண்டலால் அரை நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. இறங்கினான், மானைத் துளைத்துவிட்டுக் கீழே கிடந்த அம்பைத் தடவிப் பார்த்தான், காபி எடுக்க வண்டிக்கு ஓடித் திரும்பினான்.

மனைவியின் அண்ணன் லாயிட் வந்ததும் தேடத் தொடங்கினார்கள். ரத்தத் துளி கண்ட இடமெல்லாம் லாயிட் அடையாளத்துக்கு ஆரஞ்சு நாடா கட்டினான். ஓடைக்கரையோடு தடம் அற்றுப்போயிற்று. தொங்கிய முகத்தோடு பரணடிக்குத் திரும்பினால், மறுபக்கம் புதுத் துளிகள்.

"மச்சான், இன்னும் காயவே இல்ல. சுத்திக்கிட்டு வந்திருக்கு." வெண்டலுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாடாவைப் பிடுங்கி அவனே கட்டிக்கொண்டு துள்ளினான்.

"எந்த மான்டா இவ்ளோ நேராப் போகும்?"

"இது புத்திசாலி மான், மச்சான்."

தடம் வேலியைத் தாண்டி, வெண்டலின் வண்டிக் கதவில் முடிந்தது. கைப்பிடியில் ரத்தம். உள்ளே டோனட் பெட்டியிலும் ரத்தம்.

லாயிட் அவன் கையைப் பிடித்துத் திருப்பினான். அம்பு நுனியின் கத்தி கையுறையோடு விரலையும் கிழித்திருந்தது. குளிரில் அவனுக்கு உறைக்கவே இல்லை.

தூரத்துச் சரிவில் ஒரு மான் லேசாக நொண்டியபடி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஏறி மறைந்தது.

"அது போகட்டும் மாப்ள," என்றான் லாயிட். "அடிபட்டது இங்க நிக்குதே. தொப்பியக் கழட்டு, கொம்புல எத்தன கிளைன்னு எண்ணிப் பாப்போம்."