முளை அடித்த வளவு

மூதூர் இறங்குதுறைக்குப் பாதை போடுவதற்காக, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு ஆண்கள் எல்லோரும் மதரசா மண்டபத்தில் கூடியிருந்தார்கள்.

"திட்டம் உங்கட. எங்கால போகவேணும், ஆர் காணி விடவேணும் எண்டு நீங்களே முடிவெடுங்கோ. கல்லும் தாரும் நாங்கள் தாறம். வேலை உங்கட கையால" என்றார் திருகோணமலையிலிருந்து லாஞ்சிப் படகில் வந்திருந்த கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் யோகலிங்கம். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பொம்பிளையளிட்டயும் ஒருக்காக் கேட்டனீங்களோ?" என்றார்.

"அவங்க எங்கட பேச்சுக்கு மறுபேச்சுப் பேச மாட்டாங்க ஐயா" என்று ஒருவர் சொல்ல, "உன்ட ஊட்டுலயா?" என்று இன்னொருவர் கேட்க, மண்டபம் சிரித்தது.

காணி விடுவது யார் என்ற கேள்வி வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். ஊர்ச் சங்கத்தின் செயலாளர் ஜெமீலுக்கு மட்டும் போன மாரிகாலம் கண்முன் வந்து நின்றது. மனைவியின் தங்கை பரீதாவுக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்டபோது, தன் வீட்டுக் கைவைத்த கதிரையில் அவளை உட்கார்த்தி, இரண்டு பக்கமும் தடி கட்டி, முழங்கால் சேற்றில் துறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய லாஞ்சி போய்விட்டிருந்தது. பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு மனைவி நஜ்முன் நிஸா அந்தக் கதிரையில் உட்கார்ந்ததே இல்லை.

"எங்கட வளவால போகட்டும்" என்று ஜெமீல் கையைத் தூக்கினார்.

செயலாளரே கொடுத்த பிறகு மற்றவர்கள் சும்மா இருக்க ஏலுமா? ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தலைவர் அபூதாஹிர் ஹாஜியார் எழுந்து வந்து ஜெமீலைக் கட்டித் தழுவினார்.

அந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் அதைச் சுற்றிய வளவும் தாயிடமிருந்து மகளுக்கு வரும். உயர்ந்த கைகள் அத்தனையும் மாப்பிள்ளைமாரின் கைகள். ஜெமீலே ஒரு தகரப் பெட்டியோடு கிண்ணியாவிலிருந்து வந்து சேர்ந்தவர்தான். இது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் பாதைக்குக் கயிறு பிடித்து முளைக்கட்டைகள் அடித்தார்கள். மகள் ஸல்ஹாவின் வீட்டுக்கென்று கல் பரப்பியிருந்த அத்திவாரத்தின் நடுவே ஒரு முளை இறங்கியது. சத்தம் கேட்டு நஜ்முன் நிஸா குசினியிலிருந்து மீன் வெட்டிய கையோடு வந்தாள்.

"என்ன இது?"

"பாதைக்கு... நான் குடுத்துட்டன்."

"எதக் குடுத்தீங்க?"

"இந்தப் பக்கத்து வளவ."

"ஆர்ட வளவ?"

ஜெமீல் கையிலிருந்த கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று பின்னேரம், எப்போதும் கையில் தரும் தேத்தண்ணியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள்.

ஸல்ஹாவுக்கு அஸீமைப் பேசி வைத்திருந்தார்கள். வளவின் பின்பக்கம் கிணறு, அதற்கப்பால் சதுப்பு. வேறு இடம் இல்லை. அஸீமின் தாய் வந்து முளைகளைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைய எங்க குடி வெக்கப் போறீங்க? ரோட்டுலயா?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணியைப் பாதியில் வைத்து எழும்பினாள். கதவுக்குப் பின்னால் ஸல்ஹாவின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

அந்தக் கிழமை முழுவதும் நஜ்முன் நிஸா வேலிக் கடப்புகளால் வீடு வீடாகப் போய் வந்தாள். காணிக்காரரிடம் கையெழுத்து வாங்க யோகலிங்கம் மறுபடி வந்த அன்று, மண்டபத்தில் திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் நிறைந்திருந்தார்கள்.

"செகரட்டரி, உங்கட வளவு முடிஞ்ச காரியம்தானே?" என்றார் ஹாஜியார்.

ஓம் என்று சொன்னால் போதும். ஊர் நடுவில் தன்னை அவமானப்படுத்த நஜ்முன் நிஸா வாய் திறக்கமாட்டாள் என்பது ஜெமீலுக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் அவரைச் சுட்டது.

"அது என்ட வளவு இல்ல ஹாஜியார். கேக்காமக் குடுத்துட்டன். வளவுக்காரிட்டக் கேளுங்க."

"கிண்ணியா மாப்பிள்ள பெட்டியத் தூக்கப் போறார் போல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு அடங்குமுன் திரைக்குப் பின்னாலிருந்து நஜ்முன் நிஸா பேசினாள்.

"பாதை வேணும். என்ட தங்கச்சிய அந்தச் சேத்துலதான் தூக்கிட்டுப் போன. ஆனா அது ஏன் வளைஞ்சு வளைஞ்சு எங்கட வளவுகளால வருது? ஹாஜியார்ட தென்னந்தோட்டத்தால நேர விட்டா ஒருத்தர்ட ஊட்டுக்கும் சேதமில்லயே?"

"அது என்ட வாப்பா வெச்ச தோட்டம்!"

"இது எங்கட உம்மாமார் தந்த வளவு."

ஹாஜியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவருடைய தோணியில் தொழில் செய்பவர்களும், அவரிடம் தேங்காய் வாங்கி விற்பவர்களும் ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் போனார்கள். பாய்கள் வெறுமையாகின.

யோகலிங்கம் கடதாசிகளை மடித்தார். "நீங்கள் ஒரு முடிவுக்கு வராமல் நான் இதைக் கொண்டுபோகேலாது. இந்த முறை வேற ஊருக்குத்தான் குடுப்பினம்" என்றார் வருத்தத்தோடு.

வீட்டுக்கு வரும் வழியில் நஜ்முன் நிஸா முன்னே நடந்தாள். வாசல் படலையடியில் நின்றாள்.

"முதல்லயே என்னட்டக் கேட்டிருந்தா நான் தந்திருப்பன்."

ஜெமீல் திகைத்துப் பார்த்தார்.

"ஸல்ஹாட ஊட்டக் கொஞ்சம் சுருக்கிக் கட்டிட்டு வழி விட்டிருப்பன். மத்தவங்களும் விட்டிருப்பாங்க. பரீதாக்கு நடந்தது உங்களுக்கு மட்டுமா வலிச்ச?"

"இப்ப விட ஏலாதா, நிஸா?"

"இப்ப ஹாஜியாருக்கு மானம், எங்களுக்கும் மானம். ஆர் முதல்ல குனியிற?"

அவர் போய் முளைகளைப் பிடுங்கினார். அத்திவாரத்தில் அடித்தது மட்டும் ஆழமாக இறங்கியிருந்தது. அவள் வந்து கூடப் பிடித்தாள்.

அஸீமின் தாய் திரும்ப வந்து, வட்டிலப்பம் சாப்பிட்டு, நாள் குறித்துவிட்டுப் போனாள். சுவர் எழும்பியது. ஸல்ஹாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் ஜெமீலைப் பள்ளிவாசலில் கண்டால் ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கம் கூடவே இல்லை.

மாரி பிறந்தது. ஒருநாள் காலை, கொட்டுகிற மழையில் வேலியடியில் பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது.

"ராத்தா! அந்தக் கைவெச்ச கதிரையக் கொஞ்சம் தாங்க. எங்கட மகளுக்கு நோவு கண்டுட்டு."

நஜ்முன் நிஸா கதிரையை எடுத்து, முந்தானையால் துடைத்து, தானே தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள். ஜெமீல் தடியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

நோவு கண்ட பெண் கதிரைக் கைகளை இறுகப் பிடித்திருந்தாள். முன்தடியில் ஜெமீலின் தோள். பக்கத்தில் குடை பிடித்தபடி நஜ்முன் நிஸா. ஹாஜியாரின் தென்னந்தோட்டத்து வேலி ஓரமாகச் சேறு முழங்காலை எட்டியது. தூரத்தில் லாஞ்சியின் ஊதல் கேட்டது. வருகிறதா, போகிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை.

"வேகமாப் போங்க" என்றாள் நஜ்முன் நிஸா. "இன்னும் கொஞ்சம் வேகமா..."

ஜெமீல் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி அடுத்த அடி வைத்தார்.