பாதியில் விடாத ஆட்டம்

…இல்லை, இது வலி இல்லை, முழங்காலுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான், கஜானி வலது காலை மெல்ல ஊன்றிப் பார்த்தாள், நின்றது, மறுபடி ஊன்றினாள், இந்தமுறை மணல் தூவிய செயற்கைப் புல் ஒருபக்கம் சரிவதுபோல் இருந்தது, புல் எங்கே சரியும், சரிவது தான்தான். பந்து மூலைக்குப் போனபோது முதுகைக் காட்டித் திரும்பினாளே, அப்போது. அபிதா பார்த்திருக்க முடியாது. பார்த்திருக்கக் கூடாது. கஜானி குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள், வேலிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கட்டின புருஷன் வெற்றியின் குரல், "என்ன ஜெர்மனி, நாடாவ எத்தன தடவ கட்டுவ? பொண்ணு வெயிட் பண்றால்ல!" மதுரைக்காரன், எந்தப் பக்கம் என்று காலையிலேயே சொல்லிவிட்டான், மகள் பக்கம். "சும்மா இருங்கோ," என்றாள் நிமிராமலே. நாலுக்கு நாலு, மூன்றாவது செட். முதல் செட் தனக்கு, அடுத்தது அபிதாவுக்கு. ஹென்டர்சன் டென்னிஸ் கிளப்பில் பெண்கள் இறுதி ஆட்டத்தில் தாயும் மகளும் ஆடுவது இதுதான் முதல்முறையாம், அதனால்தான் இவ்வளவு கூட்டம், சொசேஜ் சுடும் புகை கோர்ட்டுக்குள்ளேயே வருகிறது. எதிரே பதினைந்து வயது, குதிரைவால் முடி, பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. தட்டுகிற தட்டைப் பார், அவசரமே இல்லை. இந்தப் பிள்ளை இதுவரை தன்னை ஒருமுறைகூட வென்றதில்லை. ஒன்பது வயதில் ஒருநாள் கஜானி வேண்டுமென்றே ஒரு பந்தை நெட்டில் அடித்தாள், பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று, அபிதா மட்டையை எறிந்துவிட்டு காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள், வீட்டு வாசலுக்கு வரும்வரை பேச்சில்லை, பிறகு ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம், இனிமேல் எனக்குத் தராதே, நானே எடுத்துக்கொள்வேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றிரவு படுக்கையில் தனியாகச் சிரித்தாள்.

சர்வீஸ் வந்தது, திருப்பினாள், அடுத்தது வந்தது, எட்டவில்லை, எட்டியிருக்கும், இரண்டு அடி, அந்த இரண்டு அடியை முழங்கால் தரவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாதே. முகத்தை மூடிவைக்கத்தானே தொழில்முறை ஆட்டத்தில் பதினாலு வருடம் பழகியது. பிராட்டிஸ்லாவாவில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இரண்டாவது செட்டில் பூஜ்யத்துக்கு ஐந்து, கோர்ட் ஓரத்து வாளியில் வாந்தியெடுத்துவிட்டு வந்து சர்வீஸ் போட்டாள், தோற்றாள், ஆனால் ஆடித் தோற்றாள். கால் பெருவிரல் நகம் கழன்று காலுறை சிவந்தபோதும். ஸ்டுட்கார்ட்டில் காய்ச்சலோடும். கலியாண வீடுகளில் கேட்பார்கள், ஜெர்மனிக்கே ஆடினனீராம், எத்தனையாவது இடம்? நூற்றுப் பன்னிரண்டு. ஓ… நூறுக்குள்ளே வரேல்லையோ. அந்த 'ஓ'வைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் சொன்னாள், ஓம் அன்ரி, உலகத்திலே எனக்கு முன்னாலே நூற்றுப் பதினொரு பொம்பிளையள் இருந்தவை, உங்களுக்கு முன்னாலே எத்தினை பேர்? அன்ரி சோற்றுத் தட்டோடு எழும்பிப் போய்விட்டார். ஜெர்மனியின் ஹாம் நகரில் பிறந்தவள், அப்பா பீட்சாக் கடைச் சமையலறையிலிருந்து ஓடிவந்து கோர்ட்டுக்கு ஏற்றிப்போவார், கார் முழுக்க உள்ளிப்பூண்டு மணம். நடுவர்கள் 'கயானி' என்பார்கள், அவர்களுக்கு அந்த 'ஜே' எழுத்து ய-தான், முதலில் திருத்தினாள், பிறகு ஒருநாள் முழு அரங்கமும் கயானி, கயானி என்று கத்தியது, இதைப் போய் யார் திருத்துவார்கள். இங்கே ஆக்லாந்துக்கு வந்ததும் ஆட்டத்துக்குத்தான். தகுதிச் சுற்று தாண்டி முதல் சுற்றும் வென்ற வருடம், பலகையில் ஜெர்மனிக் கொடி, பக்கத்தில் தமிழ்ப் பெயர், இலவச டிக்கெட்டில் வந்திருந்த ஒருவன் எழுந்து நின்று "அடிச்சு தூள் கிளப்பும்மா!" என்று தமிழில் கத்தினான், திகைத்துப்போய் இரண்டு சர்வீஸையும் வெளியே அடித்தாள். அவனைத்தான் கட்டிக்கொண்டாள். …கேம் அபிதாவுக்கு. நாலுக்கு ஐந்து. பக்கம் மாறவேண்டும். நடக்கவேண்டும், பிள்ளைக்கு முன்னால் நொண்டாமல் நடக்கவேண்டும், ஆறேழு எட்டுதான், நடந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து துண்டை முழங்கால்மேல் போட்டாள், முழங்காலில் மாட்டிய கறுப்பு உறைக்கு மேலே சதை பிதுங்க ஆரம்பித்திருந்தது. அபிதா தன் துண்டைத் தலைமேல் போட்டு மூடிக்கொண்டிருந்தாள், எப்போதும் அப்படித்தான். நடுவர் நாற்காலியிலிருந்து கிரகாம் குனிந்தான், இந்த மனுஷன் கண்ணில் மட்டும் எல்லாம் படும், குரலைத் தாழ்த்தி, ரிட்டயர் ஆகிறாயா காஜ்? எனக்கு நாற்பத்தொன்று கிரகாம், நான் ரிட்டயராகிப் பத்து வருடமாகிறது. அவன் சிரிக்கவில்லை. நான் எதைக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும் என்றான். தெரியும். தொழிலை விடுவதற்கும் ஆட்டத்தை நடுவில் விடுவதற்கும் இங்கே ஒரே சொல். ஜெர்மனியில் அந்த இரண்டாவதற்கு வேறு சொல், அவுஃப்காப. அந்தச் சொல்… பதினொரு வயது, மாவட்டப் போட்டி, செம்மண்ணில் விழுந்து கணுக்கால் திரும்பிவிட்டது, போட்டியை நடத்துகிற ஜெர்மன்காரப் பெண் அப்பாவிடம் போய் அவுஃப்காப? என்று கேட்டாள். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூட அவுஃப்காப, வீட்டுப்பாடம், தினமும் பின்னேரம் கேட்கிற சொல். இந்த வெள்ளைக்காரி பிள்ளை படிக்குதோ எண்டு கேக்கிறா என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தி, யா, யா, அவுஃப்காப! இம்மர்! எப்போதும்! என்றார். அந்தப் பெண் தலையசைத்தாள், எதிராளிப் பிள்ளை வந்து கைகொடுத்தது, ஆட்டம் முடிந்தது. அப்பா எல்லாரிடமும் கைகுலுக்கிக்கொண்டு நின்றார், பாராட்டுகிறார்கள் என்று. கஜானிக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. அவர் வாங்கித் தந்த ஐஸ்கிரீமைக் காரில் தின்று முடித்த பிறகுதான் சொன்னாள், அப்பா, நீங்கள் என்னைத் தோற்க வைச்சிட்டியள். அவர் காரை ஓரங்கட்டினார். அதற்குப் பிறகு எந்த நடுவரும் தன் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லை எழுதியதில்லை, ஒரு ஆட்டத்தில்கூட இல்லை. இது எந்தப் பட்டியலிலும் வராது. கோப்பை இல்லை, இது இருக்கிறது.

வேலிக் கம்பிக்குள் விரல்களைக் கோர்த்துக்கொண்டு இப்போது அதே அப்பா, நவரத்தினம், எழுபத்தைந்து வயது, மகளோடு நியூசிலாந்துக்கு வந்த பிறகும் தலையில் அதே ஜெர்மன் தொப்பி. "பிள்ளை, காணும். விட்டிடு."

"அப்பா, மெதுவா. அபிக்குக் கேக்கும்."

"அவளுக்கென்ன விளங்கப் போகுது? நான் தமிழிலை தானே கதைக்கிறன். கால் போனால் பிறகு ஆர் உனக்குக் கோச் வேலை தாறது?"

உண்மைதான். நடக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், போட்டி மட்டும் வேண்டாம், டாக்டர் முன்பே சொன்னது அவ்வளவுதான், ஒரே ஒரு வேண்டாம். இப்போது எழுந்து கிரகாமிடம் ஒரு சொல் சொன்னால் போதும், முழங்கால் பிழைக்கும். பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? கோப்பை கிடைக்கும். பலகையில் பெயர் கிடைக்கும். பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில், அம்மா நடுவில் போய்விட்டாள் என்று. முதல் வெற்றி, அதுவும் கையில் தரப்பட்டது. மறுபடி காருக்குள் கதவைப் பூட்டிக்கொள்வாள். "ஒரு கேம் தான் அப்பா," என்றாள். ஒன்றல்ல, வென்றால் இன்னும் இரண்டு, அதை அவரும் அறிவார். "உன்ரை பிடிவாதம்," என்றார், திட்டுகிற குரலில், கண் மட்டும் திட்டவில்லை.

சர்வீஸ் தன்னுடையது, அதுவாவது தன்னுடையது, நின்ற இடத்தில் நின்று அடிக்கலாம். உயரத் தூக்கினாள், வைட்டாகரே மலைப் பக்கத்திலிருந்து காற்று, பந்து சற்று விலகியது, அடித்தாள். அபிதா திருப்பிய விதம்… நெட்டுக்கு இந்தப் பக்கம், பூப்போல, ஒரு டிராப் ஷாட். ஓடவே இல்லை. பூஜ்யம் பதினைந்து. தற்செயல். அடுத்த சர்வீஸ் ஓரக் கோட்டில், தொடமுடியவில்லை பிள்ளையால், அதற்கடுத்ததும், பார்த்தாயா, இன்னும் இருக்கிறது இந்தத் தோளில், முப்பது பதினைந்து. மறுபடி டிராப் ஷாட். தற்செயல் இல்லை. இந்த ஆட்டம் முழுக்க அபிதா ஒரு டிராப் ஷாட் அடிக்கவில்லையே, பயிற்சியில் அதை அடிக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பாளே, மெதுவாக அடிப்பது கிழவிகள் வேலை என்பாளே. முப்பது முப்பது. அப்படியானால் பார்த்துவிட்டாளா? கேட்டுவிட்டாளா? மூன்றாவது டிராப் ஷாட், கஜானி ஓடினாள், மட்டை நுனி எட்டியது, பந்து நெட்டில். கூட்டத்தில் யாரோ 'ச்' கொட்டினார்கள், பாவம் அம்மா என்று. என்ன பாவம்? நடக்கமுடியாதவளை ஓடவைப்பதுதான் ஆட்டம், தானும் இதைத்தான் செய்திருப்பாள், யாரைக் கேட்டும் செய்திருக்கமாட்டாள். இரக்கப்பட்டு நேராக அடித்துத் தந்திருந்தால்தான் அழுதிருப்பாள். முப்பது நாற்பது. கடைசி. சர்வீஸ் போட்டாள், பந்து ஆழமாக வந்தது, திருப்பினாள், வந்தது, திருப்பினாள், அதோ மட்டை சாய்கிறது, டிராப், இந்தமுறை அடிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, கிளம்பிவிட்டாள், கால் கத்தியது, கத்தட்டும், எட்டிவிட்டாள், எடுத்துவிட்டாள், நல்ல பந்து, யாருக்கும் நல்ல பந்து, நிமிர்ந்தால் மகள் அங்கே நின்று நிதானமாக, மிக நிதானமாக, அதைக் கஜானியின் தலைக்கு மேலே தூக்கி அடித்துவிட்டாள். திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை, உள்ளே விழும் என்று தெரியும். விழுந்த சத்தம் கேட்டது. எவ்வளவு நல்ல சத்தம்.

வெற்றி கத்துகிறான், அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார், யாரோ ஐஸ் ஐஸ் என்று கிளப் வீட்டுக்குள் ஓடுகிறார்கள், எல்லார் கண்ணும் முழங்காலில்தான். அபிதா நெட்டுக்கு ஓடி வந்தாள், கை நீட்டினாள். "குட் மேட்ச், மம்." முகத்தை மட்டுமே பார்த்தாள். கீழே பார்க்கவில்லை. "நான் உன்னை அடிச்சுட்டேன்னு சொல்லு," ஆங்கிலத்தில், மூச்சு வாங்க, பல்லெல்லாம் தெரிய. "ஓம், அடிச்சிட்டாய்." "மறுபடி சொல்லு." "அடிச்சிட்டாய் எண்டு சொல்றனெல்லே, கழுதை." நெட்டைச் சுற்றி வந்தாள் பிள்ளை, கிரகாமுக்குக் கை கொடுத்தாள், கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தாள், இன்னமும் கீழே பார்க்கவில்லை, பேசிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள், எதையோ பேசினாள், இரவுக்கு என்ன சாப்பிடலாம் என்று. தெரியுமா உனக்கு? எப்போது தெரியும்? கேட்கலாமா? கேட்டால், தெரியும் என்றால் என்ன, தெரியாது என்றால் என்ன. நாற்காலிவரை போகவேண்டும், பிடிக்க ஏதாவது வேண்டும், கஜானி பார்க்காமலே கையைத் தூக்கினாள், மகள் தன்னைவிட ஒரு பிடி உயரம், இன்னும் மேலே தேடவேண்டும் என்று நினைத்தாள், தேடவேண்டியிருக்கவில்லை, தோள் ஏற்கனவே கொஞ்சம் தாழ்ந்து, சரியான உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.