ஏழாவது கட்டுரை

"தூக்குடா, இழுக்காதே" என்றார் சித்தப்பா.

குளிர்பெட்டியின் சக்கரம் வாசல்படியில் சிக்கியிருந்தது. கால்பக்கம் பிடித்திருந்த தம்பி தூக்கினான். ராத்திரி முழுக்கப் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிய கைகள். கண்ணாடிக்கு அடியில் அண்ணனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நேரானது. சுவரோரம் இருந்த பிளக்கில் வயரைச் செருகினார்கள். மோட்டார் உறுமியது.

அண்ணி பெட்டியைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அண்ணன் சனிக்கிழமைதோறும் ஊர் உலகத்துக்கு ஒரு மெயில் அனுப்புவான். வாழ்க்கை, வேலை, தொழில்நுட்பம் என்று அந்த வாரம் தான் படித்ததில் ஏழு கட்டுரைகளைப் பொறுக்கி, நாளுக்கு ஒன்றாகப் படியுங்கள் என்று கொடுப்பான். பொறுக்கும் விதம்தான் வேடிக்கை. தம்பி ஷிஃப்டு முடிந்து அறைக்கு வந்து படுத்ததும் போனில் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவான். தம்பி விழித்திருந்தால் கட்டுரை தேறியது. குறட்டை கேட்டால் அதை எடுத்துவிடுவான். வேறொன்று கிடைக்கும்வரை அந்த எண் காலியாக நிற்கும்.

"படிச்சவனுங்க எதுக்கெடுத்தாலும் தலையாட்டுவானுங்கடா, ஆந்தை. நீ காலேஜ்லயே தூங்கி வெளிய வந்தவன். உன் தூக்கம் பொய் சொல்லாது" என்பான்.

இன்று காலை ஆறு தேறிவிட்டன. ஏழாவது, ஆளே இல்லாத தொழிற்சாலைகளைப் பற்றியது. அங்கே விளக்குப் போடுவதில்லையாம். எந்திரத்துக்கு வெளிச்சம் எதற்கு. அதுவரை தம்பி கேட்டான். அடுத்து அவன் கேட்டது, அதே போனில், அண்ணியின் அலறல்.

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கும்பிட்டபடி உள்ளே வந்தார். மெயிலின் வாசகராம். "வாரம் தவறாம படிப்பேன். எப்படித்தான் அலசி ஆராய்ஞ்சு எடுப்பாரோ. பெரிய குழுவே வச்சிருப்பார்போல."

தம்பி தரையைப் பார்த்தான்.

"கடைசியா யாருகிட்டடா பேசினான்?" என்று சித்தப்பா கூடத்தைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார். "ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்போமே."

அண்ணி எழுந்தாள். அவனைக் கடக்கும்போது, "உள்ள வா" என்றாள்.

அண்ணன் வேலை செய்யும் அறை. நாற்காலி இன்னும் பின்னால் தள்ளியபடியே இருந்தது. அண்ணி கதவைச் சாத்தினாள்.

"அந்த மெயில் தானா போயிரும்ல?"

"ஆமா அண்ணி. அஞ்சு மணிக்கு."

"நிறுத்து. பொணத்தைக் கூடத்துல வச்சுக்கிட்டு எல்லாருக்கும் 'நலமா'ன்னு போகக் கூடாது."

அவன் மடிக்கணினியைத் திறந்தான். கடவுச்சொல் கேட்டது. 'ஆந்தை' என்று அடித்தான். திறந்தது.

"கூப்பிட்டாரா?" என்றாள் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"அண்ணி..."

"நெஞ்சடைச்சு மூச்சு முட்டறப்ப உன்னைக் கூப்பிட்டாரா, இல்லையா?"

"தெரியாது. தூங்கிட்டேன்."

"தூங்கினது எனக்குத் தெரியாதா? கிளினிக்ல வேலை முடிஞ்சு வந்து கதவைத் தொறக்கறேன், கொறட்டை கேக்குது. அவர்தான் விடறார்னு நெனச்சேன். தூங்கட்டும்னு செருப்பைக்கூடச் சத்தமில்லாமக் கழட்டினேன். பக்கத்துல போய்ப் பார்த்தா வாய் தொறந்தபடி கெடக்கு. கொறட்டை போன்லேருந்து வருது." அவள் குரல் உயரவில்லை. "கொன்னுட்டேன்னு சொல்லல. கூப்பிட்டாரான்னு மட்டும் சொல்லு. எனக்கு அது தெரியணும்."

அவனுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. மத்தியானத்திலிருந்து நெஞ்சில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது அதுதான். மெயிலைத் திறந்தான். முதல் கட்டுரை, இரண்டாவது என்று இறங்கிக்கொண்டே போனான். ஆறாவதுக்குக் கீழே கை நின்றது.

7 என்ற எண் இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

மேலே போய் மறுபடி இறங்கினான். தொழிற்சாலைக் கட்டுரை எங்கேயும் இல்லை.

"என்ன?"

"எடுத்துட்டான் அண்ணி."

"எதை?"

"நான் தூங்கின கட்டுரையை." செருமிக்கொண்டான். "என் கொறட்டையைக் கேட்டிருக்கான். கேட்டுட்டு, எப்பவும்போல எடுத்திருக்கான். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கான். அப்புறம் வேற ஒண்ணு தேடிக்கிட்டு இருந்திருப்பான்... அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது."

அண்ணி குனிந்து திரையைப் பார்த்தாள். அந்த வெற்றிடத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். மேசையில் அண்ணன் பாதி குடித்து வைத்த காப்பி டம்ளர் ஆடை படிந்து கிடந்தது.

"சிரிச்சிருப்பார்" என்றாள். "நீ தூங்கினா சிரிப்பார்."

அவன் விரல் 'நிறுத்து' பொத்தானின்மேல் இருந்தது. அண்ணியைப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்துப் பொத்தானிலிருந்து நகர்த்தினாள்.

ஐந்து மணிக்குக் கூடத்தில் ஒரு போன் அதிர்ந்தது. அடுத்து இன்னொன்று. சித்தப்பாவின் சட்டைப்பையிலும் அதிர்ந்தது. "யாருடா இந்த நேரத்துல" என்று எடுத்துப் பார்த்தவர், அனுப்பியவர் பெயரைக் கண்டதும் சட்டென்று போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரப் பெரியவர் மட்டும் பெட்டியருகில் நின்றபடியே திறந்து படித்தார். கடைசிக்கு வந்ததும் கட்டைவிரலால் திரையை மேலே தள்ளினார். நகரவில்லை. மறுபடி தள்ளினார்.

அண்ணி கதவருகே நின்று அதைப் பார்த்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. இங்கயே கொஞ்சம் படு. எடுக்கற நேரத்துக்கு நான் எழுப்பறேன்."

அவன் தரையில் ஒருக்களித்துப் படுத்தான். பழக்கதோஷத்தில் போனை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். கூடத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.